டி.என்.ஏ. குப்பையும் லூபஸ் நோயும்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூடத்தில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டு அருகே நின்றுகொண்டிருந்தபோது ஓர் அன்பர் என்னைத் தனியே அழைத்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தம்பி பொண்ணுக்கு டி.என்.ஏ.விலேயே ஏதோ கோளாறாமே? வம்சத்துல வர்ற வியாதியாமே?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்டவர் அல்லர். அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பையனுக்குப் பெண் தேடுகிறார்களாம். விசாரித்த இடத்தில் இந்தச் சேதி காதில் விழுந்ததாம்.

இரண்டு நிமிடத்தில் ஏதோ பதில் சொன்னேன். அது அவருக்கும் புரியவில்லை, எனக்கும் திருப்தியில்லை. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில் தண்டவாளங்களோடு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவன். வைத்தியம் என் துறை அல்ல. ஆனாலும் என் தம்பி மகளின் நோய் காரணமாக இந்த விஷயத்தை ஐந்தாறு வருஷமாகப் படித்து வருகிறேன். அவளுடைய டாக்டரம்மாவைக் கேள்வி கேட்டே தொந்தரவு செய்திருக்கிறேன். அன்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன். பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையுடன் அவளும் அனுமதி கொடுத்திருக்கிறாள்.

2019-இல் அவளுக்கு வயது 23. சாயங்காலமானால் காய்ச்சல். காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் வீங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்புத் தடிப்பு. நாக்பூர் வெயிலில் எல்லாருக்கும் முகம் கன்றத்தானே செய்யும் என்று வீட்டில் சொன்னோம். ஓர் ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்று மூன்று தடவை மருந்து கொடுத்தார்கள். இன்னோர் இடத்தில் வாதம் என்று சொல்லி வலி மாத்திரையாகவே கொடுத்து வந்தார்கள். இப்படியே எட்டு மாதம் போயிற்று. கடைசியில் ஒரு மூட்டுநோய் நிபுணரிடம் போனபோது, அந்த அம்மாள் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலில் கேட்டது ரத்தம் அல்ல, சிறுநீர். அதில் புரதம் போய்க்கொண்டிருந்தது. பிறகுதான் ரத்தப் பரிசோதனை. அந்தக் காகிதத்தில் ஒரு வரி: 'ஆன்ட்டி டி.எஸ். டி.என்.ஏ. - பாஸிட்டிவ்'.

இந்த ஒரு வரிதான் பின்னால் ஊரெல்லாம் சுற்றி, 'டி.என்.ஏ. கோளாறு' என்று பெயர் எடுத்தது.

அந்த வரியின் அர்த்தம் வேறு. 'ஆன்ட்டி' என்றால் எதிர். 'டி.எஸ்.' என்பது இரட்டை இழை என்பதன் சுருக்கம். அதாவது இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்ட்டிபாடிகள் அவள் ரத்தத்தில் இருக்கின்றன. கிருமி நுழைந்தால் அதைப் பிடித்துக்கொள்வதற்காக உடம்பு தயாரிக்கும் புரதங்களே ஆன்ட்டிபாடிகள். இங்கே அவை டி.என்.ஏ.வையே கிருமியாக நினைத்துப் பிடிக்கின்றன. அவளுடைய மரபணுவை யாரும் இந்தப் பரிசோதனையில் பார்க்கவே இல்லை. அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று இந்தக் காகிதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

நோயின் பெயர் லூபஸ். முழுப் பெயர் சிஸ்டமிக் லூபஸ் எரிதமட்டோசஸ். தன் உடம்பையே தன் காவல்படை தாக்கும் நோய்களில் இது ஒன்று. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. இதையும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதையும் கேட்டார்கள்.

சரி, உடம்புக்குள்ளேயே இருக்கும் டி.என்.ஏ. எப்படி எதிரியாகும்?

நம் ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பிரித்து நீட்டினால் ஒரு செல்லுக்குச் சுமார் 2 மீட்டர். செல்கள் சாகும், புதியவை பிறக்கும். இஸ்ரேலில் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரான் செண்டர், ரான் மைலோ இருவரும் 2021-இல் கணக்குப் போட்டு, ஒரு மனித உடம்பில் தினமும் சுமார் 33,000 கோடி செல்கள் மாற்றப்படுகின்றன என்றார்கள். இதில் பெரும்பங்கு ரத்தச் செல்கள். சிவப்பணுவில் உட்கருவே கிடையாதே என்று பள்ளியில் படித்தவர்கள் கேட்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் எலும்பு மஜ்ஜையில் அது உருவாகும்போது உட்கரு இருக்கிறது. வெளியே வருமுன் அதைத் துப்பிவிட்டு வருகிறது. வினாடிக்கு இருபது லட்சத்துக்கு மேல் சிவப்பணு பிறக்கிறது என்றால், வினாடிக்கு அத்தனை உட்கருவும் குப்பையாக விழுகிறது என்று அர்த்தம்.

எஞ்சினீயர் புத்தி, கணக்குப் போடாமல் விடாது. நாளொன்றுக்கு 20,000 கோடி உட்கரு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலா 2 மீட்டர். மொத்தம் 40 கோடி கிலோமீட்டர். இங்கிருந்து சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தூரம். போய்த் திரும்பி வந்த பிறகும் நூல் மிஞ்சும். எடையைப் பார்த்தால் ஒன்றரை கிராம்கூட இல்லை. இத்தனை டி.என்.ஏ.வையும் உடம்பு அன்றன்றைக்கே துண்டு துண்டாக வெட்டிக் கரைத்தாக வேண்டும். வெட்டும் வேலையைச் செய்யும் நொதிகளுக்குத்தான் டி.என்.ஏஸ் என்று பெயர்.

வெட்டாமல் விட்டால் என்ன என்பதற்கு என் துறையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். சிக்னல் அமைப்பில் 'டிராக் சர்க்யூட்' என்று ஒன்று உண்டு. இரண்டு தண்டவாளத்திலும் மிகக் குறைந்த மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ரயிலின் அச்சு இரண்டையும் இணைத்தவுடன் அந்த மின்சாரம் அச்சு வழியே போய்விடும், சிக்னல் சிவப்பாகும். அதற்கு ராஜதானி எக்ஸ்பிரஸும் ஒன்றுதான், கேங்மேன் மறந்து குறுக்கே போட்டுவிட்டுப் போன கடப்பாரையும் ஒன்றுதான். நாங்கள் தள்ளிக்கொண்டு போகும் டிராலியின் சக்கரத்துக்கு மின்காப்பு போட்டிருப்பதே இதற்காகத்தான். சர்க்யூட் 'யார் நீ' என்று கேட்பதில்லை. 'இந்த இடத்தில் இரும்பு இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கிறது.

உடம்பின் காவலும் ஏறக்குறைய அப்படித்தான். வைரஸின் டி.என்.ஏ.வும் நம் டி.என்.ஏ.வும் அதே நான்கு எழுத்துகளால் ஆனவை. படித்துப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். எனவே உடம்பு இடத்தைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. உட்கருவுக்குள் டி.என்.ஏ. இருந்தால் சரி. அதற்கு வெளியே, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் ஏதோ வைரஸ் நுழைந்துவிட்டது என்று பொருள். இப்படிப் பார்க்கும் உணர்விகளில் ஒன்றை ஜப்பானில் ஷிஸுவோ அகிராவின் குழு 2000-இல் கண்டுபிடித்தது. இன்னொன்றை அமெரிக்காவில் டல்லஸ் நகரில் ஜிஜியான் சென் என்பவரின் குழு கண்டுபிடித்து 2013-இல் வெளியிட்டது. உணர்வி தட்டியதும் செல் 'இன்டர்ஃபெரான்' என்ற அபாயச் சங்கை ஊதுகிறது. அதைக் கேட்டுப் படை கிளம்புகிறது.

ஆகவே குப்பை டி.என்.ஏ. கிடந்தால் அது வெறும் அசுத்தம் அல்ல. மறந்துவிட்டுப் போன கடப்பாரை அது. சிக்னல் சிவப்பாகவே நிற்கும்.

வெட்டும் நொதி ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்ஷன். டி.என்.ஏஸ் 1 என்பது உமிழ்நீர், கணையச் சுரப்பு, ரத்தம், சிறுநீர் இவற்றில் இருப்பது. டி.என்.ஏஸ் 2 என்பது துப்புரவுச் செல்களின் வயிற்றுக்குள் இருப்பது. சிவப்பணு துப்பிய உட்கருவை விழுங்கிச் செரிக்க வைப்பது இதுதான். ட்ரெக்ஸ் 1 சாதாரணச் செல்லுக்குள்ளேயே உட்கருவுக்கு வெளியே சிந்தியதைப் பொறுக்குகிறது. அது பழுதானால் கைக்குழந்தைகளின் மூளையைத் தாக்கும் ஐகார்டி-கூத்தியே என்ற அரிய நோய் வருகிறது என்று 2006-இல் தெரிந்தது. நான்காவது, வாயில் நுழையாத பெயர் கொண்ட டி.என்.ஏஸ் 1 எல் 3. அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால்.

இந்த நொதிக்கு விஞ்ஞான சரித்திரத்தில் ஒரு கௌரவமான இடம் உண்டு. 1944-இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிலையத்தில் ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மக்லியாட், மக்ளின் மெக்கார்ட்டி மூவரும் பரம்பரைக் குணங்களைத் தூக்கிச் செல்லும் பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த சாட்சிகளில் ஒன்று, டி.என்.ஏ.வை அழிக்கும் நொதியைச் சேர்த்தால் அந்தப் பொருளின் சக்தி போய்விடுகிறது என்பது. மாட்டின் கணையத்திலிருந்து அந்த நொதியைச் சுத்தமாகப் பிரித்து மெக்கார்ட்டி 1946-இல் வெளியிட்டார். அதே நிலையத்தைச் சேர்ந்த மோசஸ் குனிட்ஸ் 1950-இல் அதைப் படிகமாகவே எடுத்துக் காட்டினார்.

லூபஸ் பக்கம் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1948-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் என்ற டாக்டர், லூபஸ் நோயாளியின் எலும்பு மஜ்ஜையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, வேறொரு செல்லின் உட்கருவை அப்படியே விழுங்கி வயிறு புடைத்து நிற்கும் வெள்ளணுக்களைக் கண்டார். அவற்றுக்கு 'எல்.ஈ. செல்' என்று பெயர். பல ஆண்டுகள் லூபஸுக்கு அதுவே பரிசோதனையாக இருந்தது. 1957-இல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியே, இந்த நோயாளிகளின் ரத்தத்தில் டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்ட்டிபாடி இருப்பதைக் கண்டார்கள். அதாவது குப்பை சரியாக அள்ளப்படவில்லை என்ற தடயம் முதலிலிருந்தே கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஆனால் அள்ளாமல் விட்டது காரணமா, விளைவா என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

அதற்கு எலிகள் வேண்டியிருந்தன. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் டி.என்.ஏஸ் 1 மரபணுவை நீக்கிய எலிகளை வளர்த்தார்கள். அவற்றில் பலவற்றுக்கு லூபஸ் போன்ற நோய் வந்தது. உட்கருவுக்கு எதிரான ஆன்ட்டிபாடிகள் உண்டாயின, சிறுநீரகம் கெட்டது. அடுத்த வருஷமே ஜப்பானில் லூபஸ் வந்த இரண்டு இளம் பெண்களிடம் அதே மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். எல்லாம் தெளிந்துவிட்டது போல ஒரு தோற்றம்.

அதே சமயத்தில் ஜப்பானில் ஷிகெகாஸு நகாட்டாவின் குழு டி.என்.ஏஸ் 2-ஐ நீக்கிப் பார்த்தது. அந்த எலிக்குஞ்சுகள் பிறக்கவே இல்லை. ரத்தசோகையால் கருவிலேயே செத்தன. துப்புரவுச் செல்களைத் திறந்து பார்த்தால், சிவப்பணுக்கள் துப்பிய உட்கருக்கள் செரிக்காமல் அடைந்து கிடந்தன. கருவைக் கொன்றது அந்த அடைப்பு அல்ல என்பதுதான் எனக்கு ஆச்சரியம். குப்பையைக் கண்டு ஊதிய இன்டர்ஃபெரான் சங்குதான் கொன்றது. சங்கொலி கேட்காதபடி இன்டர்ஃபெரான் ஏற்பியையும் சேர்த்து நீக்கியபோது எலிகள் பிறந்து வளர்ந்தன. குப்பை என்னவோ அப்படியேதான் இருந்தது. ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. பிறந்த பிறகு டி.என்.ஏஸ் 2-ஐ இழக்கச் செய்த எலிகளுக்கு, வயதானதும் மூட்டுகள் வீங்கி முடக்குவாதம் போல வந்ததாக 2006-இல் அதே குழு எழுதியது. தம்பி மகளின் விரல்களை நினைத்துக்கொண்டுதான் நான் அந்தப் பகுதியைப் படித்தேன்.

சரி, நொதி குறைவுதான் நோய் என்றால் நொதியையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே? செய்து பார்த்திருக்கிறார்கள். மனித டி.என்.ஏஸ் 1-ஐத் தொழிற்சாலையில் தயாரிக்க முடியும். 'டார்னேஸ் ஆல்ஃபா' என்ற பெயரில் 1993-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற மருந்து அது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயில், செத்த வெள்ளணுக்களின் டி.என்.ஏ.வால் சளி பசையாக இறுகிவிடும். இந்த மருந்தை மூச்சில் இழுத்தால் சளி இளகும். இதையே லூபஸால் சிறுநீரகம் கெட்ட 17 பேருக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்த முடிவு 1999-இல் வந்தது. தீங்கு இல்லை. ஆனால் டி.என்.ஏ. ஆன்ட்டிபாடி அளவும் குறையவில்லை. மேலும், பிற்பாடு பார்த்ததில் பெரும்பாலான லூபஸ் நோயாளிகளிடம் டி.என்.ஏஸ் 1 மரபணுவில் ஜப்பானியப் பெண்களிடம் கண்ட பிழை எதுவும் இல்லை.

இங்கேதான் அந்த நான்காவது ஆள் வருகிறார். 2011-இல் சவூதி அரேபியாவில், குழந்தைகள் பலருக்கு லூபஸ் வந்திருந்த சில குடும்பங்களை ஆராய்ந்தார்கள். உறவுக்குள் மணம் செய்துகொண்ட குடும்பங்கள். நோய் வந்த பிள்ளைகளிடம் டி.என்.ஏஸ் 1 எல் 3 என்ற மரபணு வேலையே செய்யவில்லை. சிறு வயதிலேயே நோய் தொடங்கி, பலருக்குச் சிறுநீரகத்தையும் தாக்கியிருந்தது.

அண்ணன் தம்பி போலிருக்கும் இரண்டு நொதிகளில் இளையவருக்கு மட்டும் என்ன விசேஷம் என்பதை 2016-இல் அமெரிக்காவில் போரிஸ் ரெய்சிஸ் குழுவினர் விளக்கினார்கள். செல் சாகும்போது டி.என்.ஏ. நூலாக அவிழ்ந்து வெளியே வருவதில்லை. புரத உருளைகளில் சுற்றியபடியே, செல்லின் மேல்தோல் கிழிந்த சிறு சிறு பொட்டலங்களுக்குள் மிதந்து வருகிறது. மூத்தவர் டி.என்.ஏஸ் 1 வெறும் நூலை நன்றாக வெட்டுவார். பொட்டலத்தைக் கண்டால் அவர் கத்தி ஏறாது. இளையவருக்கு இருபது சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வால் உண்டு. அந்த வால்தான் பொட்டலத்துக்குள் புக உதவுகிறது. தண்டவாளத்தைப் புதுப்பிக்கும்போது இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தனியாகக் கிடக்கும் ரயிலை யார் வேண்டுமானாலும் அறுத்துவிடலாம். ஸ்லீப்பரோடு கிளிப் போட்டு இறுக்கியிருப்பதைக் கழற்ற வேறு ஆயுதம் வேண்டும். 1999-இல் அந்த 17 பேருக்கும் பலன் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆயுதம் சரியானதுதான், வேலைக்கு ஏற்றதல்ல.

இந்த நொதியைச் செய்து ரத்தத்தில் விடுபவை துப்புரவுச் செல்களும் அவற்றின் பங்காளிகளும்தான். மரபணுப் பிழை இல்லாதவர்களுக்கு இது எப்படிக் குறையும் என்பதற்கு 2021-இல் ஒரு பதில் கிடைத்தது. பரம்பரைப் பிழை ஏதும் இல்லாத சாதாரண லூபஸ் நோயாளிகளில், சிறுநீரகம் பாதித்தவர்களைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் இந்த நொதியின் வேலை குறைந்திருந்தது. காரணம் என்ன தெரியுமா? அந்த நொதிக்கு எதிராகவே அவர்கள் உடம்பு ஆன்ட்டிபாடி செய்திருந்தது. திருடனைப் பிடிக்கப் போன போலீஸ், தெருப் பெருக்க வந்தவரையும் உள்ளே தள்ளிவிட்டது. குப்பை கூடுகிறது, அதனால் புகார் கூடுகிறது, அதனால் கைது கூடுகிறது.

இன்னொரு ஆய்வும் உண்டு. வெள்ளணுக்களில் ஒரு வகை, கிருமியைப் பிடிக்கத் தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிவிட்டுச் சாகும். பெர்லினில் 2004-இல் கண்டுபிடித்த விஷயம் இது. வேலை முடிந்ததும் வலையைக் கரைக்க வேண்டியவை டி.என்.ஏஸ் நொதிகள். சில லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தால் அந்த வலையைக் கரைக்க முடியவில்லை என்றும், அவர்களுக்குச் சிறுநீரக நோய் அதிகம் என்றும் அதே நகரத்திலிருந்து 2010-இல் செய்தி வந்தது.

ஏன் எப்போதும் சிறுநீரகம் என்று கேட்டேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. டி.என்.ஏ. துண்டும் ஆன்ட்டிபாடியும் சேர்ந்த கட்டிகள் ரத்தத்தோடு ஓடி வந்து அங்கே படிந்துகொள்கின்றன. படிந்த இடத்தில் சண்டை. வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் ஒழுகுகிறது. வலி இருக்காது. சிறுநீரில் நுரை, காலில் வீக்கம், அவ்வளவுதான் வெளியே தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. அதனால்தான் அந்த டாக்டரம்மாள் முதலில் சிறுநீரைக் கேட்டார்.

வெயில் கூடாது என்பதற்கும் இப்போது காரணம் புரிகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் தோல் செல்கள் சாகின்றன. நமக்கு அது ஒன்றும் இல்லை. குப்பை அள்ள ஆளில்லாத உடம்புக்கு அது ஒரு லாரி லோடு. நாக்பூரில் மே மாதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, முகத்துக்குக் களிம்பு தடவி, குடையும் பிடித்துக்கொண்டு போவதை 'ஸ்டைல்' என்று நம் ஆட்களே பேசியதும் என் காதுக்கு வந்தது.

இனி வம்சம் விஷயம். இதை மழுப்பாமல் சொல்கிறேன். லூபஸில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது எத்தனை என்பதற்கு 1992-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். அச்சில் வார்த்தது போன்ற இரட்டையரில், அதாவது மரபணு முழுக்க ஒன்றாக இருப்பவர்களில், ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்கு 24 ஜோடிகளில். மற்ற வகை இரட்டையரில் நூற்றுக்கு 2. மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் முக்கால்வாசிப் பேருக்கு வரவில்லை. பல மரபணுக்களின் சிறுசிறு சாய்வு, ஹார்மோன், வெயில், ஏதோ ஒரு தொற்று எல்லாம் சேர்ந்துதான் இது நேர்கிறது.

சவூதிக் குடும்பங்களில் கண்டது வேறு வகை. தாய் தந்தை இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்து, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் அந்த நோய். பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு. நெருங்கிய உறவில் மணம் செய்தால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் சாத்தியம் கூடும். அத்தை மகன், மாமன் மகள், சில குடும்பங்களில் அக்காள் மகள் என்று கொள்வது நம்மிடையேயும் வழக்கம். ஆகவே இதை நாம் காதில் போட்டுக்கொள்வது நல்லது. என் வீட்டிலேயே எதிர்ப்பு வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். என் தம்பி அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்று இரவு எனக்குப் போன் செய்து, "அண்ணா, நம்ம அப்பா வழியா, இல்ல அவ அம்மா வழியா?" என்று கேட்டான். யார் வழி என்று கண்டுபிடித்தால் யாரையாவது குற்றம் சொல்லலாம் பாருங்கள். தம்பியும் அவன் மனைவியும் உறவு அல்ல. அவளுக்கு நோய் வந்தது 23 வயதில், குழந்தைப் பருவத்தில் அல்ல. மரபணுப் பரிசோதனை தேவை என்று டாக்டரும் சொல்லவில்லை. அந்த அரிய வகைக்கும் இவளுக்கும் சம்பந்தம் இருப்பதாகக் கருத இடமில்லை.

2023-இல் ஒரு வரன் வந்து ஏறக்குறைய நிச்சயமாகும் நிலைக்கு வந்தது. மறைத்துவிடலாம் என்று வீட்டில் இரண்டு பேர் சொன்னார்கள். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன், அந்த இருவரில் நானும் ஒருவன். "வேண்டாம் பெரியப்பா, நாளைக்கு நான் தினமும் மாத்திரை சாப்பிடறதை எங்கே ஒளிச்சு வைக்கறது?" என்று சொல்லி, அவளே ரிப்போர்ட்டுகளை எடுத்துக் காட்டினாள். அவர்கள் மரியாதையாகவே விலகிக்கொண்டார்கள். சேதி மட்டும் விலகவில்லை, 'டி.என்.ஏ. கோளாறு' ஆகிவிட்டது.

பிள்ளை பெறலாமா என்ற கேள்விக்கும் டாக்டரிடம் பதில் கேட்டு வைத்திருக்கிறேன். பெறலாம். நோய் அடங்கிக் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். மைக்கோஃபினோலேட் போன்ற சில மருந்துகளை முன்கூட்டியே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரையை நிறுத்தக் கூடாது. முழுக் கர்ப்ப காலமும் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து பார்க்க வேண்டும்.

அந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மலேரியாவுக்காகச் செய்த மருந்து. லூபஸில் அதுதான் அடிப்படை மருந்து. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, ஊரே வாங்கிக் குவித்தது. கடை கடையாக அலைந்து மூன்று அட்டை சேர்த்தேன். தேவையில்லாதவர்கள் பீரோவில் அது பூட்டிக் கிடந்தது. கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று சில மாதத்தில் தெரிந்துவிட்டது. இந்த மாத்திரை பல வருஷம் சாப்பிட்டால் கண்ணின் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். டாக்டர் சொல்லும் இடைவெளியில் கண் பரிசோதனை அவசியம். நோய் தீவிரமானால் ஸ்டீராய்டு, மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு. இன்டர்ஃபெரான் சங்கைக் கேட்கும் காதை அடைக்கும் 'அனிஃப்ரோலுமாப்' என்ற ஊசிமருந்தை அமெரிக்கா 2021-இல் அங்கீகரித்தது. நகாட்டாவின் எலிகள் பிழைத்த வழியும் அதுதானே. டி.என்.ஏஸ் 1 எல் 3 நொதியையே மருந்தாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கடையில் கிடைக்கும் மருந்து அல்ல. அப்படி யாராவது டானிக், பொடி என்று விற்றால் நம்பாதீர்கள்.

இதைப் படித்துவிட்டுக் கை வலிக்கிறவர்கள் எல்லாரும் லேபுக்கு ஓடவும் வேண்டாம். முதலில் எடுக்கும் 'ஏ.என்.ஏ.' பரிசோதனை, நோயே இல்லாதவர்களிடமும் பாஸிட்டிவாக வரும். ஆரோக்கியமானவர்களை வைத்து 1997-இல் வெளிவந்த ஆய்வில், 1:40 என்ற குறைந்த அளவில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் பாஸிட்டிவ். 1:160 அளவில் ஐந்து பேர். எனவே காகிதத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் ஓர் இளம் பெண்ணுக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், காலை வேளையில் மூட்டு வீக்கம், முடி உதிர்தல், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு என்று இருந்தால், மூன்றாவது தடவையும் டைபாய்டு என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதிகச் செலவு பிடிக்காத சோதனை அது. எங்களுக்கு அந்த எட்டு மாதத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எழுதி முடித்ததும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். "தண்டவாளம் ரொம்ப ஜாஸ்தி பெரியப்பா" என்றாள். பிறகு, "குடை ஸ்டைலுக்கு இல்லைன்னு இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கோ" என்றாள். ஆசிரியர் குழுவினர் கவனிக்கவும்.